அம்சவள்ளியின் பாஸ்வேர்டு

அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் கம்பெனி ஒன்றுக்கு எண்பத்தேழில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே பெட்டி, ஆபீஸில் ஐந்து பேர் முறைவைத்து உட்கார வேண்டும். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஆளுக்கொரு பெயரைப் பதிந்துவிட்டு, "பாஸ்வேர்டு நீங்களே வச்சுக்குங்க. மறக்கக் கூடாது, வாய்விட்டு யார்கிட்டயும் சொல்லவும் கூடாது" என்றார்.

அம்சவள்ளிக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மறக்காத, வாய்விட்டுச் சொல்லாத பெயர் அவளிடம் ஒன்றுதான் இருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்த புருஷனின் பெயர். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். சொல்லாமல் இருந்தும் போய்ச் சேர்ந்தான், அது வேறு கதை. பழக்கம் விடுமா? ஒன்பது வருஷமாகியும் நாக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உடையார்பாளையத்து மாமியார் வீடு அவளை வேண்டாம் என்றுவிட்டது. செட்டிகுளத்தில் பெற்றவர்களும் இல்லை. டைப்பிங் படித்து வேலை வாங்கி, ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமலே கழியும். திங்கட்கிழமை வந்து அந்தப் பெயரை விரலால் தட்டுவாள். திரையில் எழுத்து தெரியாது. ஆனால் பெட்டி திறந்துகொள்ளும். அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றினால் போதும் என்றிருந்தாள்.

மேனேஜர் இராமலிங்கம் விட்டால்தானே. அந்த ஐந்து பேரில் ஒருவரான குழந்தைவேல் லீவில் போகும்போது பாஸ்வேர்டையும் கூடவே கொண்டு போய்விட, சிமெண்ட் ஏற்றும் ரயில் பெட்டிகளின் கணக்கான வேகன் லிஸ்ட் ஒரு நாள் முழுக்க நின்றுபோனது. மறுநாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "ஆளாளுக்கு ரகசியம் எதுக்குய்யா? சொல்லுங்க, டைப் அடிச்சு ஒட்டிடுவோம்." ரகசியத்தைச் சுவரில் ஒட்டி, அதற்கு ஆபீஸ் சீலும் குத்துகிற புண்ணியவானை வேறெங்கே பார்க்க முடியும்?

அம்சவள்ளியின் முறை வந்தது.

"எழுதித் தரேன் சார்."

"எழுதிக்கிட்டு உக்காந்தா பொழுது போயிடும். வாயால சொல்லும்மா. இல்லன்னா உன் பேர எடுத்துட்டு வேற ஆளப் போட்டுக்கறேன்."

அவனையே கூட்டி வந்து நடு ஹாலில் நிறுத்துவது போலிருந்தது. "பிச்சைமுத்து" என்றாள். அது யார் பெயரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் அது ஊர்ப் பொதுக்கிணறுதான். வேகன் லிஸ்ட் குழந்தைவேலிடமிருந்து அவள் பேருக்கு மாறிவிட்டதால் எல்லோருக்கும் அவளுடைய பாஸ்வேர்டு வேண்டியிருந்தது. "பிச்சைமுத்து போட்டுத் தொற", "பிச்சைமுத்து வேல செய்யுதா பாரு" என்று காலை முதல் சாயங்காலம் வரை குரல் கேட்கும். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் காது அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. லீவு நாளில் அந்தக் குரல் இல்லாமல் அறையில் இருப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதம் இன்ஜினியர் வந்தார். சுவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டார். நாலு பேரும் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார்கள். அம்சவள்ளி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

"மாத்துங்கம்மா. ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

"தெரியட்டும் சார். இருந்துட்டுப் போவட்டும்."

"ஏம்மா?"

"என் வூட்டுக்காரர் பேரு சார் அது. ஒம்பது வருசமா அவரக் கூப்புட ஆளில்ல. இங்கதான் கூப்புடுறாங்க."