பச்சை மையில் ஒரு டிக்

அந்த மைதானத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் பதினாறு பிள்ளைகள். அந்தப் பதினாறு பேருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், ஏன், கோச்சுக்கும்கூட அவள் ஃபைலம்மாதான்.

கக்கத்தில் எந்நேரமும் ஒரு நீல ஃபைல். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்கு மூச்சிரைப்பு, யார் பின்சீட்டில் உட்கார்ந்தால் பத்தாவது கிலோமீட்டரில் வாந்தி எடுப்பாள், எந்த ஊர் மைதானத்துக்கு எந்தப் பக்கம் வாசல், யாருடைய அப்பா வருகிற காரில் யாருடைய அம்மா ஏறமாட்டார்... அத்தனையும் அதில் இருந்தது. ஒரு தாள் கைக்கு வந்தால் அந்த நிமிஷமே பட்டியலை எடுத்து, பச்சை மைப் பேனாவால் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவாள். அந்த டிக்கின் மேல் கோச்சுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. "பந்தை மறந்துட்டுக்கூட மேட்ச்சுக்குப் போயிடலாம். ஃபைலம்மாவ மறந்துட்டுப் போக முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துச் சாப்பிடுவாள்.

ஏனென்றால் மற்ற நேரமெல்லாம் அவளை யார் கண்டார்கள்? பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷம். வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போவார்கள். வலியோடு வருகிறவன் எதிரில் இருப்பவள் முகத்தையா பார்ப்பான்? வீட்டில், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவன் இருக்கிறான், பாசமானவன். ஆனால் ஊர்க்காரர்கள் கண்ணையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். மகள் அதே அணியில் ஆடுகிறாள், பாதி நேரம் பெஞ்சில். ஆக அவளுக்கென்று இருந்த மரியாதை அந்த நீல ஃபைல்தான்.

அதை அவள் இழந்த கதை இது. மழையில்தான் தொடங்கியது.

ஒவ்வொரு வருஷமும் போட்டி அலுவலகம் பிள்ளைகளுக்குப் புது அடையாள அட்டை தரும். அட்டை இல்லாதவள் களத்தில் இறங்க முடியாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி. அதற்காக எல்லாரிடமும் புதுப் புகைப்படம் கேட்டிருந்தாள். பதினைந்து வந்துவிட்டது. கோல்கீப்பருடையது மட்டும் பாக்கி.

கோல்கீப்பரைப் பிள்ளைகள் செவுரு என்பார்கள். பந்து அவளைத் தாண்டிப் போகாது என்பதால் வந்த பெயர். பதினோரு வயசு, பேச்சு குறைவு, முட்டியெல்லாம் தழும்பு. அவளுடைய அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். தனி ஆளாக நின்று மகளை வளர்ப்பவள். ஷிஃப்ட் மாற்றி மாற்றி ஓட்டுவதால் மைதானத்துக்கு வரமுடியாது. செவுருவை வெளியூர் மேட்ச்சுகளுக்கு ஃபைலம்மாதான் தன் காரில் அழைத்துப்போவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டுகிற மழையில், காக்கிச் சட்டையோடு டிரைவரம்மா மைதானத்துக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, இந்தாங்க போட்டோ. ஸ்டூடியோக்காரன் ரெண்டு நாளா இழுத்தடிச்சுட்டான். பஸ்ஸ வெளிய நிறுத்திட்டு வந்திருக்கேன், உள்ள நாப்பது பேர் என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க."

"நான் பாத்துக்கறேன், நீங்க ஓடுங்க!"

ஃபைலம்மா வழக்கம்போலப் பட்டியலை எடுத்துப் பச்சை டிக் போட்டாள். ஃபைல் நனையக்கூடாதே என்று அதை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கையிலிருந்த சின்னக் கவரை மழைக்கோட்டுப் பையில் செருகினாள்.

அவ்வளவுதான். மழைக்கோட்டு வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மறுநாள் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களை ஸ்கேன் செய்து போட்டி அலுவலகத்துக்கு அனுப்பினாள். பட்டியலைப் பார்த்தாள், பதினாறு டிக். படங்களை அவள் எண்ணவில்லை. டிக் போட்டபின் எண்ணுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அட்டைகள் வந்து சேர்ந்ததே மேட்ச்சுக்குப் புறப்படும் நாளுக்கு முந்தின நாள்தான். பல் பிடுங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கட்டைப் பிரிக்காமலே ஃபைலில் வைத்தாள்.

மேட்ச் மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தது. ஜெயித்தால் அரையிறுதி. காரின் பின்சீட்டில் செவுரு கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, பூனைக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே வந்தாள்.

களத்தின் ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவர் ஒவ்வோர் அட்டையாக எடுத்து முகத்தைப் பார்த்து, நம்பரைக் கேட்டு அனுப்பினார். பதினைந்து பேர் போனார்கள். செவுரு மட்டும் நின்றாள்.

"இந்தப் பொண்ணோட கார்டு?"

ஃபைலம்மா ஃபைலைத் தலைகீழாகப் புரட்டினாள். அட்டை இல்லை. கோச் முகம் வெளிறியது. பதினாறு பிள்ளைகளும், வேலி ஓரம் நின்ற பெற்றோரும் அவளையே பார்த்தார்கள். அத்தனை கண்களும் ஒரே நேரத்தில் தன்மேல் விழுவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"என்னக்கா ஆச்சு?" என்றார் கோச்.

"அவங்கம்மா போட்டோ குடுக்கவே இல்ல."

வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த அதே நொடியில், கைக்கு ஞாபகம் வந்தது. ஈரமான சின்னக் கவர். மழைக்கோட்டுப் பை. 'ஐயோ, இல்லை, குடுத்தாங்க' என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஒரு மூச்சு அளவு நேரம்.

"லிஸ்ட்டுல பாருங்க" என்றார் கோச்.

பட்டியல் திறந்தேதான் இருந்தது. பதினாறாவது பெயருக்கு நேரே பச்சை டிக், மழைத்துளி பட்டு லேசாகக் கலங்கியிருந்தது.

அவள் ஃபைலை மூடினாள்.

"பாத்துட்டேன். வரல."

செவுரு கையுறையைக் கழற்றினாள், ஒவ்வொரு விரலாக. அதை ஃபைலம்மாவின் மகளிடம் நீட்டினாள். கோலில் நிற்க வேறு ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பழகிய அந்தக் குழந்தை, தொளதொளவென்ற கையுறையோடு போய் நின்று ஆறு கோல் வாங்கியது. ஒவ்வொரு கோலுக்கும் அம்மா இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தது. தாய் தலை நிமிரவில்லை. நிமிர முடியுமா?

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் பின்சீட்டிலிருந்து மெல்லிய குரல்.

"ஃபைலம்மா, எங்கம்மாவுக்கு நீங்க ஞாபகப்படுத்தினீங்களா?"

"ம்."

"எத்தன தடவ?"

"...ரெண்டு தடவ."

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். அதுவும் பதினோரு வயதுப் பிள்ளையிடம்! அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கதவுக்குப் பின்னால் போனாள். பையில் கவர் இருந்தது. உள்ளே நான்கு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நான்கு செவுருகள், நான்கும் சிரிக்காமல், படிய வாரிய தலையோடு. அந்த வாரலில் ஒரு தாயின் கை தெரிந்தது.

"என்ன அங்கயே நிக்கற?" என்றான் கணவன்.

"ஒண்ணுமில்லங்க. ஈரமா இருக்கான்னு பாத்தேன்."

"மழை நின்னு ரெண்டு வாரம் ஆச்சும்மா. கடைக்கு வா, கண்ணாடி ஒண்ணு போட்டுவிடறேன்" என்று அவன் சிரித்தான். அவளுக்கு அழுகைதான் வந்தது. கவரைச் சேலை அடுக்குக்கு அடியில் ஒளித்தாள். தன் வீட்டில் தானே திருடிபோல.

திங்கட்கிழமை மருத்துவமனை மேசைத் தொலைபேசி அடித்தது. டிரைவரம்மா!

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள், நாலு வார்த்தை திட்டிவிடட்டும், அதோடு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் வந்த குரல் உடைந்திருந்தது.

"அக்கா, மன்னிச்சிருங்க. குடுத்தேன்னுதான் நெனச்சேன். மழையில ஓடிவந்தது, நீங்க ஏதோ எழுதினது எல்லாம் கண்ணு முன்னால நிக்குது. ஆனா நீங்க வரலைன்னு சொன்னா வரலதான். உங்க ஃபைல் தப்பாகுமா? தூக்கமில்லாம ஓட்டுறேன்ல, கனவையும் நெசத்தையும் கலந்துட்டேன் போல. இப்படிப்பட்டவள நம்பி நாப்பது பேர் பஸ்ல ஏறுறாங்களேன்னு எனக்கே பயமா இருக்குக்கா."

ஃபைலம்மாவின் வாய் திறந்தது. எதிரில் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி நின்றார். "பரவால்லம்மா, விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பரவாயில்லையாம்! குற்றம் செய்தவள் மன்னித்தாள், கொடுமையைப் பாருங்கள். அன்று முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கழிவறைக் கண்ணாடியில் தன் முகத்தையும்.

வியாழக்கிழமை மகள் பள்ளியிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். "அம்மா, செவுரு டீமை விட்டுப் போறாளாம். இந்தப் பேப்பர் வேலையெல்லாம் தன்னால முடியாதுன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்களாம். ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாம். சோறு வெச்சா தட்டைத் தள்ளிட்டுப் போறாளாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இனிமே நான்தான் கோல்ல நிக்கணுமாம்மா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஆறு கோலும் இருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபைலம்மா அரைநாள் விடுப்பு எடுத்தாள். பதினோரு வருஷத்தில் காரணம் சொல்லாமல் எடுத்த முதல் விடுப்பு. கைப்பையில் கவரையும், கக்கத்தில் ஃபைலையும் வைத்துக்கொண்டு, டிரைவரம்மா ஓட்டும் பேருந்துக்காக நின்றாள்.

"அட, அக்கா! நீங்களா? உக்காருங்க, உக்காருங்க" என்று டிரைவரம்மா மலர்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

முன்சீட்டில் உட்கார்ந்தாள். எதிரே பலகை: 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' அப்பாடா என்றிருந்தது. உடனே அந்த 'அப்பாடா'வுக்காகக் கூசினாள். இறங்க வேண்டிய இடங்களெல்லாம் வந்து போயின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழப்போய் மறுபடி உட்கார்ந்தாள். டிரைவரம்மா கண்ணாடியில் அவளை இரண்டு முறை பார்த்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். இன்ஜின் அடங்கியது.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா? ஸ்டாப்பு போயிருச்சே."

ஃபைலம்மா பட்டியலைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். அதன்மேல் கவரை வைத்தாள்.

டிரைவரம்மா வெகுநேரம் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தாள். பிறகு கவரைத் திறந்து மகளின் நான்கு முகங்களையும் பார்த்தாள்.

"நான் குடுத்திருக்கேன்" என்றாள் மெதுவாக.

"குடுத்தீங்க. அங்க நின்னுக்கிட்டிருந்தப்பவே எனக்கு ஞாபகம் வந்துருச்சு. வந்தும் சொல்லல. ஃபைலம்மாவே தப்பு பண்ணிட்டாங்கன்னு ஆயிருமேன்னு... என்னை அடிச்சாக்கூட வாங்கிக்கறேன்."

"அடிக்கிறதா?" டிரைவரம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஒரு வாரமா கண் டாக்டர்கிட்ட போவமா, மூளை டாக்டர்கிட்ட போவமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேங்க நான். ராத்திரி எந்திரிச்சு கேஸ மூடினேனான்னு நாலு தடவ பாக்கறேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை போச்சு. அத எந்தக் கவர்ல போட்டுத் திருப்பிக் குடுப்பீங்க?"

அக்கா என்ற சொல் காணாமல் போயிருந்தது. ஃபைலம்மா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. எங்கிட்ட சொன்னா உங்க பாரம் எறங்கும். எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நின்னது என் பொண்ணு. அவகிட்ட யாரு சொல்லுவா?"

மறுநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள். செவுரு தன் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்து ஓரமாக நின்றாள். பெற்றோர் கார் சாவிகளோடு காத்திருந்தார்கள். ஃபைலம்மா நடுவில் போய் நின்றாள்.

"செவுருவோட அம்மா போட்டோ குடுக்கலைன்னு அன்னைக்கு நான் சொன்னேன். அது பொய். அவங்க குடுத்தாங்க. நான்தான் தொலைச்சேன். தெரிஞ்சும் மறைச்சேன். ரெண்டு தடவ ஞாபகப்படுத்தினேன்னு சொன்னதும் பொய்."

முன்வரிசையில் ஒரு வாண்டு கையைத் தூக்கியது. "கோச், பெரியவங்களுக்கும் சிவப்பு அட்டை உண்டா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கோச் தரையைப் பார்த்தார். ஃபைலம்மாவின் மகள் ஷூ லேஸை அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்தாள்.

செவுரு எழுந்து வந்தாள். "காட்டுங்க."

பட்டியலில் தன் பெயரைத் தேடி, டிக்கின்மேல் விரலை வைத்தாள். கலங்கிய மையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு கோச்சிடம் போனைக் கேட்டு வாங்கினாள். ஒரு வாரமாகப் பேசாத பிள்ளை, எல்லார் முன்னாலும் பேசியது.

"அம்மா... நான்தான். அம்மா, நீ குடுத்திருக்கம்மா. டிக் இருக்கு. நான் பாத்தேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. குழந்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசும்பியது. பெற்றவர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஃபைலம்மா திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்க வேண்டியது தன் கடமை என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஃபைலைக் கோச்சிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "சீசன் முடியற வரைக்கும் வேற ஆள் கிடைக்காது" என்று மட்டும் சொன்னார். பழைய புகழ்ச்சி அதன்பின் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. டிரைவரம்மா மகளை அணியிலேயே விட்டாள்; ஆனால் வெளியூர் போக வேறொருவர் காரில் ஏற்றிவிட்டாள்.

அரையிறுதி கைவிட்டுப் போனாலும் மீதி லீக் ஆட்டங்கள் இருந்தன. அடுத்த மேட்ச்சில் நடுவர் அட்டைகளை வாங்கினார். ஃபைலிலிருந்து பதினைந்துதான் வந்தன. பதினாறாவதுக்காக அவர் நிமிர்ந்தபோது, செவுரு குனிந்து தன் காலுறைக்குள்ளிருந்து புது அட்டையை உருவி நீட்டினாள். புது அட்டை வந்த அன்றே, "என்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டவள் அவள்.

"இது மட்டும் ஏன் தனியா வருது?" என்றார் நடுவர்.

வேலி ஓரம் பேச்சு நின்றது. ஃபைலம்மாவுக்குக் காது மடல்வரை எரிந்தது. இந்த முறை அவள் அந்த ஒரு மூச்சு நேரத்தை வீணாக்கவில்லை.

"என்னால சார். நான் ஒரு தடவ தொலைச்சுட்டேன்."

செவுரு அவளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அட்டையைத் திரும்ப வாங்கிக் காலுறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, கையுறையை மாட்டியபடி கோலை நோக்கி ஓடினாள்.