முக்காட்டுக்குள் ஒரு பெயர்

ஆந்திரா பிரிந்த புதிதில் ஒரு நாள் காலை, சித்தூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸை எல்லையில் புதிதாகப் போட்டிருந்த சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு அன்று ஆபரேஷன். என்னால் உட்கார முடியவில்லை.

பக்கத்து சீட்டில் சபை வழக்கப்படி வெள்ளைச் சேலை கட்டிய, ஒல்லியான கிறிஸ்தவ அம்மாள் ஒருவர். அவர் கணவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார் என்று பேச்சில் தெரிந்தது. பஸ் நின்ற நேரமெல்லாம் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுப்பார். கண் திறந்ததும் கண்டக்டரிடம், "எப்போ கெளம்பும்?" என்று கேட்பார்.

"இவ்ளோ ஜெபம் பண்றீங்க. உங்களுக்குமா பயம்?" என்றேன்.

"பயந்துக்கினுதான் கீறேன். பயம் இல்லன்னா இத்தினி வாட்டி ஏன் கூப்பிடப் போறேன்? உங்க வீட்டம்மா பேரு என்னா?"

"வள்ளியம்மா" என்றேன் தயங்கி. முருகன் பெண்சாதியின் பெயரைத் தன் ஆண்டவரிடம் எப்படிச் சொல்வார்?

மறுபடி முக்காடு ஏறியது. "ஆண்டவரே, வள்ளியம்மாவைக் கைவிடாதேயும்" என்று தெளிவாகக் கேட்டது. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்துச் சொன்ன கணவர் பெயர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

வள்ளியம்மா பிழைத்து வீடு வந்தாள். அந்த அம்மாளின் கணவருக்காக எந்தச் சாமியிடம், என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.