கனகசபை அண்ணனின் பஸ் புரோகிராமும் பந்திங் கடிதமும்

கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது வசந்தி போன் செய்தாள். "அங்கிள், அப்பா காலையிலே தவறிட்டார்" என்றாள்.  மீன்காரர் வெட்டி முடித்துப் பையை நீட்டியது நினைவிருக்கிறது. வாங்கினேனா என்பது நினைவில்லை.

அவள் அப்பா கனகசபையை உங்களில் பலர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேகமாக நடந்துபோகும் மனிதராக, அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக அறிந்திருப்பீர்கள். அந்த அலுவலகத்தில் ஒரே அறையில் அவரோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவர் பொழுதுபோக்காக எழுதிய பஸ் புரோகிராமைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எந்த எண் பஸ் எங்கே போகும் என்பது ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் மட்டுமே நிச்சயமாகத் தெரிந்த காலம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் மினி பஸ்களில் ஏறி இறங்கி, நிறுத்தங்களை ஒரு நோட்டில் குறித்துவந்து வீட்டுக் கணினியில் ஏற்றினார். புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் தட்டினால், எந்த பஸ், எங்கே மாறவேண்டும் என்று திரை சொல்லும்.

அது வேலை செய்யத் தொடங்கியதும் டிஸ்கில் பிரதி எடுத்துக் கணினிக் கடைகளிலும் வகுப்புகளிலும் இலவசமாகக் கொடுத்தார். புரோகிராமின் மூல வரிகளான சோர்ஸ் கோடையும் அதே டிஸ்கில் வைத்தார். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியதைத் தனக்கும் அனுப்பவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டு முகவரியையும் சேர்த்தார்.

"அதை ஏண்ணே கொடுக்கிறீங்க? எவனாவது தன் பேரைப் போட்டுக்குவான்லா" என்றேன்.

"போடட்டும் ஐசே. பூட்டி வைச்சா என்னோடயே நிண்டுடும். நாலு பேர் கை வைச்சாத்தான் வளரும்." அவருடையது யாழ்ப்பாணப் பேச்சு, என்னை 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"எடுத்துக்குவாங்கண்ணே. ஒருத்தரும் திருப்பித் தரமாட்டாங்க."

கிட்டத்தட்ட ஓராண்டு என் பேச்சுதான் பலித்தது. கடிதங்கள் வந்தன, எல்லாம் குறைகள். எங்கள் குடியிருப்புத் தாமானுக்கு வரும் பஸ் இதில் இல்லை என்று ஒருவர். உங்கள் புரோகிராமை நம்பித் தவறான இடத்தில் இறங்கினேன் என்று இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் அவர் கைப்பட பதில் எழுதினார். கோடில் ஒரு வரியைக்கூட யாரும் தொடவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பியதும் அண்ணியிடம், "தபால் ஏதும்?" என்று கேட்பார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். அலுவலகத்திலும் பஸ் பேச்சு குறைந்துபோனது. எனக்கு என்னவோ போல இருந்தது.

அந்தப் புரோகிராமில் ஒரு பெரிய பிழை இருந்தது. கிள்ளானிலிருந்து சுங்கை வே போகவேண்டும் என்றால் தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் பந்திங்கைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். எத்தனை பஸ் மாறவேண்டும் என்பதை மட்டும் அது எண்ணியது, தூரத்தைப் பார்க்கவில்லை. நான் டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். என் பெயரில் கொடுக்க மனம் வரவில்லை. யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்று பேசியவன் நான். திருத்தம் தப்பாக இருந்தால் என்ன நினைப்பார் என்ற பயமும் இருந்தது. பந்திங்கில் இருந்த என் தங்கை வீட்டுக்குப் போனபோது, 'முனியப்பன், பந்திங்' என்ற கற்பனைப் பெயரில் ஒரு சிறு கடிதத்தோடு டிஸ்கைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

திங்கட்கிழமையா செவ்வாயா தெரியாது, அண்ணன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே முகம் மாறியிருந்தது. "வந்திட்டான் ஐசே, ஒருத்தன் வந்திட்டான்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரைத் தேடிப் போகவேண்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அண்ணி சுட்ட வடை ஒரு டப்பாவில் என் மடியில் இருந்தது. 'உதவியவர்கள்' என்று ஒரு பட்டியலைத் தொடங்கி, முனியப்பன் பெயரைப் போட்ட புது டிஸ்க் அவர் சட்டைப்பையில் இருந்தது.

பந்திங்கில் முடிதிருத்தும் கடையில் கேட்டார், காப்பிக் கடையில் கேட்டார், பஸ் நிலையத்தில் கேட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த முனியப்பனை யாருக்கும் தெரியவில்லை. அடுத்து சுற்றியுள்ள எஸ்டேட்களில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்கலாம் என்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அப்படி ஒரு ஆளே இல்லண்ணே. நான்தான் அனுப்பினேன்."

அவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். கோபித்துக்கொண்டு என்னை அங்கேயே விட்டுப் போனாலும் தகும் என்று நின்றேன்.

"திருத்தினது சரியாத்தான் இருக்கு. அதில பொய் இல்லை. ஏன் ஐசே உம்மட பேரை ஒளிச்சீர்?"

"தப்பா இருந்தா சிரிப்பீங்கன்னுதான்."

"நான் எழுதினது சனத்தைப் பந்திங் சுத்த வைக்குது. நான் பேரை ஒளிச்சனானோ?"

 மறுநாள் முனியப்பனை நீக்கிவிட்டு என் பெயரைப் போட்டார். என்னைக் கேட்கவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து சுங்கை வேயிலிருந்து ஒரு டிஸ்க் வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்த சகுந்தலா, வழி தேடும் பகுதியை வேகமாக்கி அனுப்பியிருந்தார். இம்முறை ஆள் உண்மையான ஆள். அண்ணன் அழைத்ததும் வீட்டுக்கே வந்தார். திருத்தி அனுப்ப எப்படித் தோன்றியது என்று அவரிடம் கேட்டேன்.

"லிஸ்ட்ல ஒரே ஒரு பேருதான் இருந்துச்சுண்ணே. அந்த ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டாங்க, நம்மையும் சேர்த்துக்குவாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

மினி பஸ்கள் சாலையிலிருந்து போனபோது அந்தப் புரோகிராமுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அப்போது பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. அண்ணன் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஒருவரும் வரமாட்டார்கள் என்ற என் பேச்சும் பலிக்கவில்லை. அந்த ஏழு பேரையும் அவர் கடைசிவரை பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்.

இன்று அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். அரைகுறையாகச் செய்தாலும், தப்பாகப் போகக்கூடும் என்று தெரிந்தாலும், செய்த வேலையின் கீழே என் பெயரை எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.