மூன்றாவது ரவுண்ட் என்னுடையது

துபாயில் ஆங்கிலேயர்கள் செய்த காரியங்களில் ஒன்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. வெளியே தார் உருகுகிற வெயில். அந்த வெயிலுக்கு ஏங்கித்தான் தங்கள் மழை நாட்டை விட்டு வந்ததாகச் சொல்வார்கள். வந்தவர்கள் ஓட்டலின் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறையைப் பிடித்து, சுவரெல்லாம் கறுத்த மரப்பலகை அடித்து, தடித்த கம்பளம் விரித்து, சாமி அறை விளக்கைவிடக் குறைந்த வெளிச்சம் போட்டு, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பெயர் பப். வியாழக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நுழைந்தால் முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் எதுவும் தெரியாது. மேனேஜர், கிளார்க், விமானம் ஓட்டுகிறவர் எல்லாரும் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறாவது நிமிடம் அவர்களுக்குக் கண் பழகிவிடும். எனக்குப் பழகாது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடம் வரைவதும், மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் வேலை. வாடகை குறைவு என்று குடும்பத்தைப் பக்கத்து அஜ்மானில் வைத்திருந்தேன். முந்தைய லீவில் ஊருக்கு வந்தபோது திருச்சியில் ஒரு கண் டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வரும் சார். முதல்ல இருட்டுல தெரியாது. அப்புறம் பகல்லயும் போயிடும். மருந்து கிடையாது. என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "வியாபாரம்" என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் என் கம்பெனிக்கு போன் போட்டுவிடுவார் என்று ஒரு பயம். திருச்சி டாக்டருக்கு துபாய் நம்பர் எப்படித் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வெளியே வந்து, பக்கத்தில் நிற்பது மனைவி விமலா என்று நினைத்து நர்ஸ் ஒருத்தியிடம், "யாருகிட்டயும் சொல்லிடாதே" என்று கெஞ்சினேன். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

மகள் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. நடுவில் விசா போனால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அவளுக்கு ஒரு வருஷம் வீணாகும். ஆகவே மார்ச் வரைக்கும் கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடாது. விசா புதுப்பிக்கும்போது ரத்தத்தைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பகல் வெளிச்சத்தில் நடுவில் ஒரு வளையல் அளவுக்குப் பார்வை மிச்சம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து, ஒரு தாளை மூன்று மணி நேரம் மேய்ந்து, சமாளித்தேன். காரை விற்றுவிட்டு "டாக்டர் நடக்கச் சொன்னார்" என்றேன். அபுதாபி ருவைஸிலும் குவைத் மங்காஃபிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. சர்க்கரை, நெஞ்சுவலி, ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தி என்று எதையாவது டியூட்டியில் ஒளித்து வைக்காத வளைகுடாக்காரன் யார்?

"அந்த இருட்டுக் குகைக்குப் போகலைன்னா என்ன?" என்று விமலா கேட்டாள். போகாமல் இருக்க முடியாது. எட்டு வருஷமாக எங்கள் மேஜையின் கோமாளி நான். கோமாளி வராவிட்டால் உடனே தேடுவார்கள். மேஜையில் மூன்று பேர். எங்கள் மேலதிகாரி கிரஹாம், கூட வேலை பார்க்கும் கோட்டயத்து மாத்யூ, நான். பப்பில் ஒரு சட்டம் உண்டு. பரிமாற ஆள் வராது. ஆளுக்கொரு முறை எழுந்து போய், கவுண்டரில் எல்லாருக்கும் வாங்கி, தன் கையாலேயே சுமந்து வந்து வைக்க வேண்டும். ரவுண்ட் என்பார்கள். முதலாவது கிரஹாம், இரண்டாவது மாத்யூ, மூன்றாவது நான். நாற்காலிக் கால்களுக்கும், நீட்டிக் கிடக்கும் வெள்ளைக்காரக் கால்களுக்கும், பலகையைப் பார்த்து ஊசி எறிந்து விளையாடுகிறவர்களுக்கும் நடுவே, விளிம்பு வரை நிரம்பிய மூன்று கிளாசுகளோடு! இரண்டாவது கிளாஸ் பாதியானதுமே சாக்குத் தேட ஆரம்பிப்பேன். வயிற்றுவலி, அஜ்மான் பஸ், மச்சானின் போன் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. மச்சானுக்கே அந்த வருஷம் மூன்று முறை மாரடைப்பு வந்தது.

"சாரே, எட்டு வருஷமா உங்களெ எனக்குத் தெரியும். மூணாவது ரவுண்டு வரும்போ மட்டும் உங்களுக்கு ஒரு சொந்தக்காரன் சாகும். அது எந்தா ஏற்பாடு?" என்று மாத்யூ கேட்டான். கஞ்சன் என்ற பெயர் ஆபீசில் பரவியது. குருடன் என்பதைவிட அது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. ஊசி பலகையில் குத்துகிற சத்தம், ஈரமான மரத்தின் வாசனை, கிளாஸ் வைக்கிற அட்டையின் விளிம்பு. கவுண்டரில் நின்ற தவம் யாழ்ப்பாணத்துக்காரர், பையன் அல்ல, என் வயதுதான். ஆனாலும் என்னை அண்ணை என்பார். அவர் குரலை வைத்தே கவுண்டர் எங்கே என்று கண்டுகொள்வேன்.

கிரஹாமுக்கும் ஒரு துக்கம் இருந்தது. அங்கே கிடைத்ததெல்லாம் காஸ் ஏற்றிய, பல் கூசுகிற பீர். கவுண்டரில் வரிசையாக நின்ற மரப்பிடி பம்புகள் வெறும் அலங்காரம். அவருடைய ஊரில் ரியல் ஏல் என்று ஒரு வகை பீர். பீப்பாய்க்குள் இன்னும் உயிரோடு நுரைத்துக்கொண்டிருக்கும், ஐஸ் கூடாது, கையால் பம்பு இழுத்து ஊற்றுவார்கள் என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் அதிகாரி குரலாக இருக்காது. ஜனவரியில் ஒரு வியாழன், ஓட்டல்காரர்கள் அந்த ஏலில் ஒரு பீப்பாயை விமானத்தில் வரவழைத்து, அலங்கார பம்புகளில் ஒன்றில் மாட்டியிருந்தார்கள். கிரஹாம் காலையிலிருந்தே விசிலடித்தார். முதல் ரவுண்டே என்னுடையது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எட்டு வருஷ நண்பன் கையால் குடிக்க வேண்டும்." அந்த நேரத்தில் மச்சானைக் கொல்ல மனம் வரவில்லை.

எழுந்தேன். கம்பளத்தில் பதினோரு எட்டு, பிறகு மரத்தரையில் இரண்டு. கவுண்டரில் கை பட்டது. தவம் பம்பை இழுத்தார். நுரை வாசனையோடு லேசான புளிப்பு வந்தது. நாள்பட்ட மோர் மாதிரி. தவம் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நில்லுங்கோ. நான் கொண்டுவந்து தாறன்" என்றார்.

"வேண்டாம் தவம். பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"பாக்கட்டுமன். போன மாசம் நீங்கள் அந்தத் தூணோட கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். நான் ஆருக்கும் சொல்லேல்லை."

"தூண் நல்லாத்தான் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, மூன்று கிளாசையும் இரண்டு கைக்குள் அணைத்துக்கொண்டு திரும்பினேன். யாரோ நாற்காலியை இழுத்தார்கள், விலகினேன், எண்ணிக்கை போயிற்று. பேச்சுச் சத்தம் கேட்ட பக்கம் போய், முழங்காலில் மேஜை இடித்ததும், ஒரு சொட்டுச் சிந்தாமல் கிளாசுகளை வைத்தேன். நெஞ்சு நிமிர்ந்தது. "என்னைக் கஞ்சன் என்ற கனவான்களே, குடித்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். பிறகு முன்பின் கேட்டிராத ஒரு பெண் குரல், "எவ்வளவு இனிமை! ஆனால் நீங்கள் யார்?" என்றது. இரண்டு மேஜை தள்ளி மாத்யூ வெடித்துச் சிரித்தான். பப்பே சிரித்தது. கோமாளி அல்லவா, வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்தார்கள். நானும் குனிந்து வணக்கம் போட்டேன். கிரஹாமின் சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

அவர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து எங்கள் மேஜைக்குக் கூட்டிப்போனார். மாத்யூவை இன்னும் மூன்று வாங்க அனுப்பினார். "எவ்வளவு நாளாக?" என்றார்.

"பிறந்ததிலிருந்தே கோமாளிதான்."

"போன மாதம் ஒரு வரைபடத்தில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரடி குறைவாக இருந்தது. கீழே உன் கையெழுத்து. கவனக்குறைவு என்று நினைத்து நானே திருத்திவிட்டேன். அதில் குழந்தைகள் குடியிருக்கும் வீடுகள்."

எனக்கு அன்றைக்கு நகைச்சுவை ஒன்றும் அகப்படவில்லை. எவ்வளவு நாளாக என்பதைச் சொன்னேன். மகள், பரீட்சை, மார்ச், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளாஸ் அட்டையை மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டார். "சனிக்கிழமையிலிருந்து நீ எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது" என்றார். "பழைய வரைபட அறையில் இரு. மார்ச் முடியட்டும். அதற்கு மேல் என்னால் முடியாது." மாத்யூ கிளாசுகளைக் கொண்டுவந்தான். கிரஹாம் ஒரு வாய் குடித்தார். "கெட்டுப்போயிருக்கிறது" என்றார் மெதுவாக. "வழியில் சூடு ஏறியிருக்க வேண்டும்."

"ஊற்றும்போதே தெரிந்தது" என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் ஆசையாக இருந்தீர்கள்."

அவர் கிளாசை வைக்கவில்லை. அந்தப் புளித்த ஏலை அடி வரைக்கும் குடித்தார். நானும் குடித்தேன். மாத்யூ ஒரு வாயோடு நிறுத்திவிட்டு, "இதுக்கா இத்தனை பாடு?" என்றான். (நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் விமலா இங்கே பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தப் போனாள். ஜலதோஷமாம்.)

கையெழுத்து அதிகாரம் போனதும் அவமானமாக இருந்தது. ராத்திரி தூக்கம் மட்டும் திரும்பி வந்தது. மார்ச்சில் மகள் பரீட்சையை ஒழுங்காக எழுதினாள். ஏப்ரலில் விசா ரத்து முத்திரை குத்தி, குடும்பத்தோடு திருச்சிக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. லீவுக்கு வந்தபோதெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுப் போன வீடு. துபாய் ஆபீசில் உட்கார்ந்து நானே வரைந்து அனுப்பி, கொத்தனாரும் மாமனாரும் சேர்ந்து கட்டி முடித்தது. வரைபடம் இப்போதும் மனப்பாடம். வாசலில் மூன்று படி. கொத்தனார் நான்கு வைத்திருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போவதற்குள் இங்கே ஒவ்வோர் அங்குலத்தையும் காலால் படித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இனி எனக்கு அனுமதியே இல்லாத அந்த நாட்டில், ஒரு இருட்டு அறையில், கவுண்டர் வரைக்கும் கால் தானாகப் போகும். என் பெயரில் பட்டா இருக்கும் வீட்டில், காலையில் பால் வாங்க இறங்கும்போது, மூன்றாவது படியில் நின்று, இன்னொன்று இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று ஒற்றைக் காலைக் காற்றில் நீட்டித் துழாவிக்கொண்டிருக்கிறேன்.