கடற்பாசி ரசம்

என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வுபெறத் தீர்மானித்த வருடத்தில், எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாழைப்பழங்களை வைத்து நாங்கள் குடியேறிய டண்டினொங்கில் ஒரு கடையே திறந்திருக்கலாம். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். ஒருவர் இளநீர்ப் பெட்டியோடு வந்தார். இன்னொருவர் முருங்கையிலைப் பொடி. ஒரு அன்ரி பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறவைத்து, "இரத்தம் ஊறும் பிள்ளை" என்று போத்தலோடு கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனா. எல்லாவற்றிலும் பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவருக்கு உடம்பில் பொட்டாசியம் கூடினால் இதயம் தாளம் தப்பும், சிலவேளை நின்றும் விடும். ஆகவே நான் வாசலில் காவல் நின்றேன். புன்னகையோடு வாங்கி வைப்பேன். வந்தவரின் கார் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டு வியட்நாமியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்களை மிகத் தாராளமான மனிதர்கள் என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

உருளைக்கிழங்கைக்கூட நறுக்கி, ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடியும் அவித்துத்தான் கொடுப்பேன். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். ருசியும் கூடவே போய்விடும்.

இதைத் தவிர என்னால் ஆகக்கூடியது எதுவும் இருக்கவில்லை. என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று வீரமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, உங்களிடம் உள்ளதை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்யப் புறப்பட்டவனைத் தரம் போதாது என்று கழித்துவிட்டார்கள். மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"விடுங்கோ. உங்கட சாமானை எனக்குள்ள வைச்சாலும் அது கதிரையில இருந்து பேப்பர்தான் வாசிக்கும்."

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் வரும். ஒவ்வொரு தடவையும் அது இறங்கிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் டயலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலைந்து மணித்தியாலம் ஒரு மெஷினோடு கட்டுண்டு கிடக்கவேண்டும். அவள் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். அழுகிற குழந்தைகளைத் தூக்கிவைத்திருப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. "ஒரு வருசம் தள்ளிப் போனாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்பாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாது. வீட்டில் இருந்தது நான் மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் கடற்பாசி பற்றிய செய்தி ஒன்று கண்ணில் பட்டது. அதுவரை கடற்பாசி என்றால் எனக்கு நோன்பு காலத்தில் முஸ்லிம் நண்பர் வீட்டிலிருந்து தட்டில் வரும், தொட்டால் நடுங்கும் இனிப்புத்தான். இது வேறு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு பொருள், சிறுநீரகம் தழும்பேறிப் போவதைத் தாமதப்படுத்தக்கூடுமா என்று ஆராய்கிறார்களாம். "கூடுமா" என்ற சொல்லை நான் கவனித்தேன். நாற்பது வருடமாக வாசிக்கிறவன், அதைக்கூடக் கவனிக்கமாட்டேனா? கவனித்துவிட்டு, நடைபாதையில் படுத்திருக்கும் நாயைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனேன்.

பல்கலைக்கழகம் இருக்கும் கிளேட்டனில் கல்லெறிந்தால் அது ஒரு தமிழ் ஆராய்ச்சி மாணவர் மேல்தான் விழும். அங்கே ஒரு பிறந்தநாள் விழாவில் எனக்கு அகப்பட்டவள் தமிழ்நாட்டுப் பெண். கடற்பாசி என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஆமா அங்கிள், எங்க லேப்ல அதான் பண்றோம். ஆனா எலிக்குத்தான் குடுக்கிறோம்."

"எலி எப்பிடி இருக்கு?"

"பரவால்ல அங்கிள். மருந்து குடுக்காத எலியவிட கொஞ்சம் நல்லா இருக்கு."

மருந்து கொடுக்காத எலியின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிந்தது. "மனுசருக்கு எப்ப வரும்?" என்றேன்.

அவள் கையிலிருந்த ரோல்ஸை ஒரு கடி கடித்தாள். "வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் ரொம்ப வருஷம் ஆகும்."

"அதை எப்பிடிப் பிரிச்செடுக்கிறனீங்கள்?"

"மொதல்ல சுடுதண்ணில போடுவோம். அது தண்ணில எறங்கிடும். அதுக்கப்புறம்தான் பெரிய வேலையே, உப்பு கிப்பு எல்லாத்தையும் வெளிய எடுக்கணும்..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் சுடுதண்ணீர் என்ற தரிப்பிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். என் முகத்தில் அவள் எதையோ கண்டிருக்க வேண்டும்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு நீங்களா எதுவும் குடுத்துடாதீங்க."

"சேச்சே" என்றேன். அடுத்த நாளே ஒரு சீனக் கடையில் காய்ந்த கடற்பாசி வாங்கினேன். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பைக்குள் போட்டது போல இருந்தது.

குசினியில் நின்று யோசித்தேன். வழக்கம்போல அவித்துத் தண்ணீரை ஊற்றினால் மருந்தையல்லவா ஊற்றிவிடுவேன்? மருந்துதான் தண்ணீரில் இறங்குகிறதே. அப்படியென்றால் பாசியை வீசிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துள்ள சுடுதண்ணீரைத் தமிழன் என்ன செய்வான்? ரசம் வைப்பான். மிளகு, சீரகம், மல்லி தட்டிப் போட்டேன். உள்ளிப் பல் நசுக்கிப் போட்டேன். தக்காளி போடவில்லை, அதில் பொட்டாசியம் இருக்கிறது. நான் அவ்வளவு கவனமான மனிதன்.

"என்ன இது, துறைமுகம் மாதிரி மணக்குது?" என்றாள் மனைவி.

"மருந்து."

"டொக்டரைக் கேட்டனீங்களோ?"

"வாசிச்சனான்."

அவள் கோப்பையை வாங்கினாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். பதினொரு நாள் குடித்தாள். இந்த நோய் வந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பதினொரு நாள்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை வழக்கமான இரத்தப் பரிசோதனை. மத்தியானம் தொலைபேசி வந்தது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும், அவள் கார் ஓட்டக்கூடாது. நான் ஓட்டினேன். எல்லாச் சிக்னலும் சிவப்பு. ஒவ்வொரு சிவப்பிலும் பக்கத்தில் திரும்பி அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன்.

"ரோட்டைப் பாருங்கோ" என்றாள்.

பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். புதிதாக ஏதாவது சாப்பிட்டீர்களா என்று இளம் டொக்டர் கேட்டார். "இல்லை" என்றாள் மனைவி, கண்ணைக்கூட அசைக்காமல். முப்பது வருடத்தில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொய்.

நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். டொக்டர் திட்டவில்லை. எத்தனை நாள், எத்தனை கோப்பை என்று கேட்டுத் தட்டச்சு செய்தார். திட்டியிருந்தால் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். காய்ந்த கடற்பாசியில் பொட்டாசியம் மிக அதிகம், அதுவும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கும் என்று மெதுவாக விளக்கினார். வாசலில் ஒவ்வொரு சீப்பாக மறித்தவன், உள்ளே ஒரு வாழைத்தோட்டத்தையே கரைத்து ஊற்றியிருக்கிறேன்.

"இதால சிறுநீரகம் இன்னும் பழுதாயிட்டுதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

எப்படியும் இறங்கிக்கொண்டிருந்த எண்தான், ரசத்தால் எவ்வளவு, நோயால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இதை நான் இன்னும் யார் யாரிடமோ கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

பின்னேரம் இதயத் துடிப்பு சீரானது. திரைச்சீலைக்குள் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம்.

"பிழையான வேலை எண்டு உமக்குத் தெரியும்தானே. ஏன் குடிச்சனீர்?"

"நீங்கள் குசினிக்குள்ள நிண்டு பாட்டுப் பாடினனீங்கள்" என்றாள். "கேக்கச் சகிக்கேல்லை. எண்டாலும் நிப்பாட்ட மனம் வரேல்லை."

நான் திரைச்சீலையில் இருந்த மடிப்புகளை எண்ணினேன்.

அந்த ஒரு வருடம் கிடைக்கவில்லை. டயலிசிஸுக்கு ஆயத்தமாக அவள் இடது கையில் நாடி, நாளம் என்ற இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, குழந்தைகளையும்தான். அங்கே இரத்தம் ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று தாதி சொல்லி, என் இரண்டு விரலைப் பிடித்துத் தையலின் மேல் வைத்தார். உள்ளே பூனை ஒன்று உறுமுவது போல அதிர்ந்தது. அதிர்வு நின்றால் உடனே கூப்பிட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு காலையும் அவள் கையை நீட்டுகிறாள். நான் தொட்டுப் பார்க்கிறேன்.

"ஓடுது" என்கிறேன்.

"ஓம், விடிய நானும் பாத்தனான்" என்கிறாள். ஆனால் கையை இழுப்பதில்லை.