செவ்வாய்க்கிழமைச் சத்தம்

என் மனைவி முருகலட்சுமி பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் டீச்சர். பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுப்பது, அப்புறம் என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று பிள்ளைகளுக்கு வழி சொல்லும் பொறுப்பையும் பள்ளிக்கூடத்தில் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் ஒரு பீரியடில் பேசி முடித்திருப்பார்கள். இவள் தை மாதம் ஆரம்பித்தால் ஆனி வரை விடமாட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவாள். கண்ணை மூடச் சொல்லுவாள். காற்று இல்லாமல் வெயில் அசையாது நிற்கும் நேரம் அது. பிள்ளைக்குப் பாதி தூக்கம் வந்திருக்கும். அப்போது மெதுவாகக் கேட்பாள்.

"பத்து வருசம் போயிருச்சு. ஒரு செவ்வாக்கெழம, வெயிலு ஏறுற நேரம். நீ வேலையில இருக்க. என்ன சத்தம் கேக்குது?"

என்ன தெரிகிறது என்று கேட்கமாட்டாள். தெரிவதெல்லாம் டிவியில் பார்த்ததும் அப்பன் ஆத்தா காட்டியதும்தானாம். காதில் கேட்பதுதான் பிள்ளையின் சொந்தச் சரக்கு என்பாள். கலெக்டர் ஆவேன் என்று சொல்லித் திரிந்த மணிகண்டனுக்கு வெல்டிங் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. ஐடிஐயில் சேர்ந்தான், இப்போது ஓசூரில் நன்றாக இருக்கிறான். இன்னொருவன் கண்ணை மூடினவன் குறட்டையே விட்டுவிட்டான். அவனை எழுப்பாமல் இவள் காவல் இருந்திருக்கிறாள்.

எனக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளையின் குரூப்பை முடிவு செய்வது மார்க்கும் இல்லை, ஆசையும் இல்லை. பஸ்தான். ஊரிலிருந்து பஸ் போகிற பள்ளிக்கூடத்தில் எந்த குரூப் இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கு விதித்தது. எனக்கு என்ன சத்தம் கேட்கும் என்று ஒருநாளாவது கேட்டாயா என்று அவளைச் சீண்டுவேன். உங்களுக்குக் கல்லாப்பெட்டிச் சத்தம்தான், கண்ணை மூடவே வேண்டாம் என்பாள்.

போன வருடம் காளீஸ்வரி என்ற பிள்ளை வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தது. ரோட்டை விட்டுக் கரிசலுக்குள் தள்ளிக் கிடக்கிற ஊர். அப்பா பால்சாமி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற சம்சாரி. அம்மா இல்லை. பிள்ளைக்கு விவரம் தெரியும் முன்னேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மழையா என்று முருகலட்சுமி கேட்டாளாம். இல்லை. வாய்க்காலா? அதுவும் இல்லை. "நெறைய தண்ணி டீச்சர். அடியில கெடந்து அலம்புது. நான் மேல நிக்கிறேன்."

மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிய ஊர்க்காரப் பிள்ளைக்கு இப்படி ஒரு சத்தம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த முருகலட்சுமி அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அப்படித்தான். அப்புறம் முகம் மலர்ந்து வந்து சொன்னாள், தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பு இருக்கிறது, மீனையும் கடலையும் பற்றியே படிக்கலாம், அதற்குக் காளீஸ்வரி பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்தாக வேண்டும் என்று. முருகலட்சுமி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் இருப்பது காமர்ஸ் குரூப் மட்டும். சயின்ஸுக்கு அருப்புக்கோட்டைக்குத்தான் வர வேண்டும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பிள்ளை நல்ல மார்க். மறு ஞாயிற்றுக்கிழமை பால்சாமி எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். என் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றார். குரலில் வணக்கம் இருந்தது, முகத்தில் இல்லை.

பிள்ளை மனசைக் கலைத்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்தார். எங்கள் ஊர்க் கண்மாயில் தவளைக்கே வழியில்லை, என் மகள் மீனைப் படித்து யாருக்கு ஆகப்போகிறது என்றார். காலையில் ஊருக்குள் பஸ் வருவதில்லை, அதனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் காமர்ஸ்தான், முடிந்தது பேச்சு என்றார். ஹாஸ்டல் இருக்கிறது என்றாள் இவள். வேண்டாம் என்றார். பாளையம்பட்டி வரைக்கும் வந்துவிட்டால் டவுன் பஸ் இருக்கிறது என்றாள். அதற்கும் தலையை ஆட்டினார். இவள் எதைச் சொன்னாலும் அவர் பஸ்ஸிலேயே வந்து நின்றார்.

"அண்ணே, கண்ண மூடுங்க" என்றாள் இவள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் டீச்சர் சொல்லுக்கு மரியாதை கொடுக்கிறவர், துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி கண்ணை மூடினார். பத்து வருடம் போய்விட்டது, ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்று இவள் சொல்லிக்கொண்டே போனாள். என்ன சத்தம் என்று கேட்டாள். தெரு வெறிச்சென்று கிடந்தது.

"ஒண்ணும் கேக்கல டீச்சர்" என்றார் பால்சாமி. "வீடு கம்முனு கெடக்கு. அவ இல்ல." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பஸ்ஸெல்லாம் சும்மா சொன்னது. இன்னிக்கு அருப்புக்கோட்ட போறவ நாளைக்கித் தூத்துக்குடி போவா. அப்பறம் எங்க திரும்ப? எனக்குப் பயமா இருக்கு."

முருகலட்சுமி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினாள். நான் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டு, வாரேன் என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கேட்டிருக்கக் கூடாது, பெரிய மனுசன் மனசை நோகடித்துவிட்டேன், பிள்ளைக்கு இருந்த வழியையும் அடைத்துவிட்டேன் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அட்மிஷன் முடியப்போகிறது என்று தெரிந்தும் அவருக்கு மறுபடி போன் போட அவளுக்குத் தைரியம் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் கடை வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. பின்னால் புது யூனிபாரத்தில் காளீஸ்வரி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அருப்புக்கோட்டையில் சயின்ஸ் குரூப், அப்பாவே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார் என்றாள். நான் கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் ஓடிப்போய் முருகலட்சுமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். பஸ் புறப்படும் வரை அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். மகளைப் பஸ் ஏற்றிவிட்டு பால்சாமி உடனே போகமாட்டார். என் கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவார். பேச்சு அதிகம் கிடையாது. புழுதி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் பஸ் போன பிறகு பார்த்தால், பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரோ என்று பார்த்தேன். முகம் தூங்குகிற முகமாக இல்லை. முருகலட்சுமி கேட்கிற கேள்வி என் வாயிலும் தானாக வந்துவிட்டது.

"என்னண்ணே, சத்தம் எதும் கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி." கண் மூடியபடியே இருந்தது. "வீடு கம்முனுதான் கெடக்கு. உள்ள போனு அடிக்கிது. அவதான்."

"அப்ப எடுங்கண்ணே" என்றேன்.