பழசைக் கழட்டிப் பார்த்தீங்களா?

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்த அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. லேப்டாப்பைக் கழட்டும்போது ஒரு வெள்ளைத்தாளில் அதன் படத்தைப் போட்டு, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வைப்பார். அது முடியும்வரை வாயே திறக்கமாட்டார்.

தங்கச்சி கல்யாண வீடியோவை ஏற்ற என் லேப்டாப்பில் இடம் போதவில்லை. கம்பெனியில் வாரத்துக்குக் கிடைக்கிற ஒரே லீவில் பெங்களூருக்கு பஸ்ஸில் நின்றபடியே போய், பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து அவரிடம் கொடுத்தேன். அவர் பழைய டிஸ்க்கை உருவிப் புதியதன் பக்கத்தில் வைத்தார். பழையதில் இரண்டு வரிசை ஊசிகள். புதியதில் ஊசியே இல்லை, தட்டையான பிளவுதான்.

"இது சேராதுங்க சார்."

"ரெண்டும் ஒரே சைஸ்தானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"சைஸ் ஒண்ணுதான். மாட்டற எடம் வேற. வாங்கறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கம்பெனில என்ன வேலைங்க சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். "வெளியிலேர்ந்து வர்ற பார்ட்ஸ் சேருமான்னு செக் பண்ணி உள்ள விடற வேலை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தாளிலிருந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கத் தொடங்கினார்.

இன்றும் சேராத பார்ட்ஸுக்கு ரிஜெக்ட் சீட்டு எழுதும்போது அந்த முகம் வந்து நிற்கிறது. சிரித்துத் தொலைத்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.